மழைநாளில் கப்பல் வரைவோம்: திருகோணமலை கடற்படை அருங்காட்சியகத்தில் ஒரு குழு வரைநடை – முழுமையான வழிகாட்டி

மார்கழி மழை பிடித்துவிட்டால் திருகோணமலையில் வெளியே உட்கார்ந்து வரைய வழியில்லை. கோட்டைக்குள் திரியும் மான்கள்கூட மரத்தடியில் ஒடுங்கி நிற்கும். டச்சுக்குடாவில் அலை கரைக்கு மேலே ஏறி வரும். சித்திரக் கொப்பியைத் திறந்தால் தூவானம் பக்கத்தை நனைத்துவிடும். அப்படியான நாளில் கூரையும் வேண்டும், பார்ப்பதற்குப் பொருளும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் உட்துறைமுகப் பக்கம் இருக்கும் கடற்படை அருங்காட்சியகம். ஒல்லாந்தர் காலத்து மாடிக் கட்டடத்தைத் திருத்தி எடுத்து 2013இல் திறந்தார்கள். நங்கூரம், பீரங்கி, கப்பல் மாதிரிகள் என்று பென்சிலுக்கு வேலை தரும் பொருள்கள் அங்கே உண்டு.

வரைநடை என்று நான் சொல்வது, பலர் சேர்ந்து ஓர் இடத்தைச் சுற்றி நடந்து, நின்று நின்று வரைவதை. எங்கள் குழுவின் வழக்கத்தில் ஒரு சிறப்பு உண்டு: படத்தின் அருகிலேயே அந்தப் பொருளின் உறுப்புகளின் தமிழ்ப் பெயரையும் எழுதுவோம். துறைமுக ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே பாய்மரத்துக்கும், அதில் பாயைத் தாங்கும் கட்டையான பருமலுக்கும் வேறுபாடு தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கவலையில் தொடங்கிய பழக்கம் இது. இந்த வழிகாட்டியும் அதைச் சுற்றியேதான் போகும்.

நாளைக் குறிப்பது

எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் இழுக்கும். கார்த்திகையும் மார்கழியும்தான் உச்சம். அந்த மாதங்களில் ஒரு சனிக்கிழமை காலையைத் தெரிவு செய்தால் அநேகமாக மழை கிடைக்கும். ஆனால் மழை வேறு, புயல் வேறு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்கள் மாவட்டக் கரையில்தான் ஏறியது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் வந்த புயலும் திருகோணமலைக்குத் தெற்கே கரை கடந்தது. ஆகவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பை முதல் நாள் மாலையிலும் அன்று காலையிலும் பாருங்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்திருந்தால், தரையில் இருக்கிற நாமும் தள்ளிப்போடுவதுதான் சரி. இன்னொரு சனிக்கிழமை வரும்.

அனுமதி: இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்

இந்த அருங்காட்சியகம் கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு பேர் போய்ச் சுற்றிப் பார்ப்பது வேறு, பத்துப் பேர் கொப்பியோடு போய் மணிக்கணக்காக நிற்பது வேறு. ஒரு வாரத்துக்கு முன்னரே நேரில் போய்ப் பொறுப்பாளரோடு பேசுங்கள். எந்தெந்த நாளில் திறக்கிறார்கள், எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கையோடு ஒரு கடிதம் கொடுத்தால் இன்னும் நல்லது. எத்தனை பேர், எத்தனை சிறுவர்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பென்சில் மட்டும்தான் பாவிப்போம், பொருள்களைத் தொடமாட்டோம்: இவ்வளவும் அதில் இருந்தால் போதும்.

மூன்று கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். மடக்குக் கதிரை கொண்டுவரலாமா? படம் பிடிக்கலாமா? வெளியே இருக்கும் பொருள்களை விறாந்தையில் நின்று வரையலாமா? என்ன பதில் வருகிறதோ அதைக் குழுவில் எல்லோருக்கும் அப்படியே சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் கடற்படைத் தளமும் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அழகான காட்சி தெரிகிறது என்று தளத்தின் பக்கம் திரும்பி வரையவோ படம் பிடிக்கவோ வேண்டாம். கூடத்தில் இருப்பதை வரையத்தான் அனுமதி வாங்கியிருக்கிறோம். குழுவை நடத்துபவர் இதை வாசலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எத்தனை பேர், யார் யார்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். அதற்கு மேல் வேண்டாம். வேறோர் ஊரில் ஒரு கூடத்துக்கு இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நடைவழியில் நாங்களே அடைத்துக்கொண்டு நின்றோம், மற்றவர்களுக்கு நடக்க இடமில்லை. அரை மணித்தியாலத்தில் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். சொன்னவர்கள்மேல் பிழையில்லை. அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு நின்ற சின்னப் பிள்ளைகளின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

வரையத் தெரிந்தவர்கள் மட்டும் வந்தால் குழு அரைகுறைதான். கடல் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். தொழிலுக்குப் போன பெரியவர், வள்ளம் திருத்தும் ஓடாவி, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், யாராவது ஒருவர். அவர் பென்சிலைத் தொடவே வேண்டாம். எங்களோடு வருகிற பெரியவர் நாற்பது வருடத்துக்கு மேல் கடலில் இருந்தவர். முதல் தடவை வந்தபோது, “எனக்கு ஒரு கோடுகூட இழுக்கத் தெரியாது தம்பி, நான் என்னத்துக்கு?” என்று கேட்டார். இப்போது அவர் வராவிட்டால் பிள்ளைகள், “தாத்தா எங்கே?” என்று வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பையில் என்ன வைப்பது

பென்சில் மூன்று: எச்பி, 2பி, 4பி. மழை நாளில் தாள் ஈரத்தை இழுத்து மெத்தென்று இருக்கும். கூரான எச்பி அதைக் கீறிக் குழி விழுத்தும், ஆகவே அழுத்தாமல் பிடியுங்கள். பெரும்பாலான வேலைக்கு 2பி போதும்.

தாள், சதுர மீற்றருக்கு 200 கிராமுக்குக் குறையாதது நல்லது. மெல்லிய பாடசாலைச் சித்திரக் கொப்பி அந்தக் காற்றில் நெளிந்துவிடும். அதுதான் இருக்கிறதென்றால் அதையே கொண்டுவாருங்கள், அடியில் ஒரு கெட்டி மட்டையை வைத்துக் கிளிப்பால் பிடித்துக்கொண்டால் சமாளிக்கலாம். அழிறப்பர் மென்மையானதாக இருக்கட்டும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரத்தாளைத் தேய்த்தால் நார் கிளம்பி, அந்த இடத்தில் பிறகு கோடு நிற்காது.

நீர்வண்ணத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பழைய பொருள்களுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது முறையில்லை. முறை பார்க்காமல் வைத்தாலும் அந்தக் குளிர்காற்றில் வண்ணம் காயாது. மைப்பேனையும் வேண்டாம். என்னுடைய ஒரு கொப்பி முழுவதும் தண்ணீரில் கரையும் மையால் வரைந்தது. ஓட்டோவில் ஏறும்போது பை நனைந்து, பதினாறு பக்கம் நீலக் கறையாகிவிட்டது. பென்சிலின் கரி தண்ணீரில் கரையாது என்பதை அன்று நன்றாகவே படித்துக்கொண்டேன். நிறம் வேண்டுமென்றால் நிறப் பென்சில் நான்கு: கறுப்பு, கபிலம், கடும் நீலம், துரு நிறத்துக்கு ஒரு செம்மஞ்சள்.

கொப்பியைப் போட இரண்டு சொப்பிங் பை, ஒன்றுக்குள் ஒன்று. கை துடைக்க ஒரு பழைய துணி. பென்சில் சீவின தூளைக் கொட்ட ஒரு சின்ன டப்பா, அந்தத் தரையில் ஒரு துளி தூளும் விழக்கூடாது. குடையை வாசலிலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே சொட்டினால் வழுக்கும்.

முதல் இருபது நிமிடம்: பென்சில் பைக்குள்ளேயே

காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால், பத்துக்குப் பத்து வரைக்கும் யாரும் கொப்பியைத் திறக்கக் கூடாது. இது எங்கள் குழுவின் கண்டிப்பான வழக்கம். கீழ்த்தளத்தில் கடற்பயண வரலாறு, மேலே கடற்படையின் வரலாறு. முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். உள்ளே போனவுடனே முதல் கண்ணில் பட்ட பொருளின் முன்னால் உட்கார்ந்துவிட்டால், பிறகு வேறெதையும் பார்க்காமலே வீட்டுக்குப் போவீர்கள்.

சுற்றும்போது ஒருவர் சின்னச் சின்னதாக ஊர்க்கதை சொல்லிக்கொண்டு வந்தால் கண் கூர்மையாகும். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இந்தத் துறைமுகம் எத்தனை கை மாறியது! ஆண்டுத் தொடக்கத்தில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆவணியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி வெளியே கடலில் இரு படைகளும் மோதிக்கொண்டன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்டதைப் பற்றி வயதானவர்கள் தங்கள் தாய் தகப்பன் சொல்லக் கேட்டிருப்பார்கள். அந்தக் காலத்திலிருந்தே சீனக்குடாவில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அந்தத் திகதி ஒரு பாடப்புத்தக எண் மட்டும் இல்லை.

சுற்றி முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். அதுதான் அன்றைக்கு அவருடைய பொருள்.

கையைப் பழக்க: மழையும் தூணும்

அனுமதி இருந்தால் முதல் பத்து நிமிடம் விறாந்தையில் நில்லுங்கள். பீலித்தண்ணி கொட்டுகிற சத்தத்தில் பிள்ளைகள் தானாக அமைதியாகிவிடுவார்கள். மழையைக் கோடு கோடாக இழுக்க வேண்டாம். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள், படம் வைக்கோல் தூவின மாதிரி ஆகிவிடும். மழை தன்னைக் காட்டுவது மற்றப் பொருள்களில்தான். தூரத்து மரத்தை மிக மெலிதாக, ஓரம் கரைந்தாற்போல விடுங்கள். கிட்ட இருக்கிற தூணைக் கறுப்பாக்குங்கள். நனைந்த தரையில் தூணின் பிம்பம் நேர் கீழே விழும், அதைக் கீழ்நோக்கிய கோடுகளால் இழுங்கள். அவ்வளவுதான், தாளில் மழை பெய்யும்.

பழைய கட்டடங்களின் சுவர்த் தடிப்பையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னலின் உட்பக்கம் ஒரு முழத்துக்கும் மேலே ஆழமாக இருக்கும். அந்த ஆழத்தைக் காட்டாமல் வரைந்த ஜன்னல், சுவரில் ஒட்டின கடதாசி மாதிரித் தெரியும்.

நங்கூரம்: அரை மணித்தியாலம்

முதன்முறை வருபவர்களுக்கு நான் எப்போதும் நங்கூரத்தைத்தான் காட்டுவேன். பெரிது, அசையாது, கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. பார்க்க இலகு போல இருக்கும். ஆனால் பத்தில் ஒன்பது பேர் பிழையாக வரைவார்கள்.

நமக்கு மனத்தில் பதிந்த நங்கூரம் சின்னங்களில் வருவது: மேலே வளையம், நடுவில் தண்டு, மேலே ஒரு குறுக்குத்தடி, கீழே இரண்டு வளைந்த கைகள், எல்லாம் ஒரே தட்டையில். பழைய பாணி நங்கூரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மேலே இருக்கும் குறுக்குத்தடி, கீழே இருக்கும் கைகளுக்குச் செங்குத்தாகத் திரும்பி நிற்கும். கைகள் கிழக்கு மேற்காக இருந்தால் தடி வடக்குத் தெற்காக. ஆகவே கைகள் இரண்டும் முழு நீளமாகத் தெரியும் இடத்தில் நீங்கள் நின்றால், குறுக்குத்தடி உங்களை நோக்கி நீட்டிக்கொண்டு வரும். கண்ணுக்கு அது கட்டையாகச் சுருங்கித் தெரியும். கை அந்தச் சுருக்கத்தை ஏற்காது. நீளமாக இழுக்கத்தான் பார்க்கும்.

ஏன் அப்படிச் செய்திருக்கிறார்கள்? பெரியவர் ஒரு குடையையும் தன் கையையும் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார். நங்கூரம் கடலடியில் போய் விழும்போது சரிந்து படுக்கும். குறுக்குத்தடி தரையில் தட்டையாகக் கிடந்தால், கைகளில் ஒன்று தானாகக் கீழ்நோக்கித் திரும்பும். கப்பல் இழுக்க இழுக்க அந்தக் கை மண்ணுக்குள் இறங்கும். “தடி அந்தப் பக்கம் திரும்பி இல்லாட்டி, நங்கூரம் சும்மா அரைஞ்சுகொண்டு வரும். பிடிக்காது,” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் ஒருவரும் தடியைப் பிழையாக வரையவில்லை. பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் கை சரியான இடத்துக்குப் போகிறது. வரைதல் கற்பிப்பதில் இதைவிடப் பயன்பட்ட ஒன்றை நான் காணவில்லை.

வரையும் ஒழுங்கு இது. முதலில் தண்டின் நடுக்கோடு, அது சரிந்திருக்கும் சரிவோடு. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்துச் சரிவை அளந்துகொள்ளுங்கள். பிறகு குறுக்குத்தடியின் இரண்டு நுனிகளுக்கும் புள்ளி, கைகளின் இரண்டு நுனிகளுக்கும் புள்ளி. நான்கு புள்ளிகளையும் சரிபார்த்த பிறகே கோடு. கைகளின் வளைவை ஒரே இழுவையில் போட வேண்டாம், மூன்று நேர்கோடாக உடைத்து, பிறகு உருட்டுங்கள். வளையம் கடைசி. துருவையும் உரிந்த வண்ணத்தையும் எல்லா இடத்திலும் நிரப்பாமல், ஒரு கையளவு இடத்தில் மட்டும் நன்றாகச் செய்யுங்கள். மீதியைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

முடிந்ததும் பெயர்கள்: வளையம், தண்டு, குறுக்குத்தடி, கை, நாக்கு. பெரியவர் சொல்வது வேறாக இருந்தால் அவர் சொல்வதையும் பக்கத்தில் எழுதுங்கள். மூதூர்க் கரையில் ஒரு சொல், குச்சவெளியில் இன்னொரு சொல் என்று இருக்கும். இரண்டும் எழுதப்படட்டும்.

பீரங்கி

பீரங்கி ஒரு நீளமான கூம்பு, அவ்வளவுதான். நடுக்கோட்டை இழுத்து, வாய்க்கும் பின்பக்கத்துக்கும் இரண்டு நீள்வட்டம் போட்டு இணைத்தால் பாதி வேலை முடிந்தது. கவனிக்க வேண்டியது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகள். பீரங்கி அவற்றின் மேல்தான் தாங்கி நிற்கும். எல்லோரும் அதைச் சரி நடுவில் வைப்பார்கள். பின்பக்கம் தடிப்பும் பாரமும் கூட என்பதால், முளை நடுவுக்குச் சற்றுப் பின்னே இருக்கும். மழையில் நனைந்த இரும்பாக இருந்தால் மேல் முதுகில் ஒரு வெள்ளைக் கீற்று ஓடும். அந்த இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுங்கள், மற்றதை 4பியால் கறுப்பாக்குங்கள்.

கப்பல் மாதிரி: பெயர்கள் நிறைந்த இடம்

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கப்பலை வரையும்போது முதல் தொல்லை, உங்கள் சொந்த முகமும் பின்னாலிருக்கும் ஜன்னலும் கண்ணாடியில் தெரிவது. ஒரு அடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் போய்விடும். கடும் நிறச் சட்டை போட்டு வந்தால் இன்னும் நல்லது. கண்ணாடியில் சாயவோ கொப்பியை அதன்மேல் வைக்கவோ வேண்டாம்.

உடலிலிருந்து தொடங்க வேண்டாம். கப்பல் தண்ணீரைத் தொடும் மட்டத்தை ஒரு கோடாக முதலில் இழுங்கள். அந்தக் கோட்டின் நீளத்தைப் பென்சிலில் அளந்து, பாய்மரத்தின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். மரம் நாம் நினைத்ததைவிட எப்போதும் உயரமாகவே இருக்கும், தாளில் இடம் போதாமல் உச்சியை வெட்டுகிறவர்கள்தான் அதிகம். பாய்மரத்தை நட்ட பிறகு உடலின் வளைவு. பக்கவாட்டில் பார்த்தால் மேல்விளிம்பு நேராக இருக்காது, நடுவில் தாழ்ந்து இரு முனையிலும் உயரும். கயிறுகளை எண்ணி எண்ணி வரைய வேண்டாம். மரத்தைப் பிடித்து நிறுத்தும் கயிறு எது, பாயை அசைக்கும் கயிறு எது என்று பிரித்தறிந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று போதும்.

போன மார்கழியில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று பாய்மரத்தில் தொங்கும் கட்டையைக் காட்டி, “தாத்தா, இந்தக் கம்புக்கு என்ன பேர்?” என்று கேட்டது. “அது கம்பு இல்லை மோனே, பருமல். பாயைத் தாங்குறது அதுதான்.” அன்றைக்கு அந்தப் படத்தின் ஓரத்தில் ஏழு பெயர்கள் சேர்ந்தன: பாய்மரம், பருமல், பாய், சுக்கான், முன்பக்கத்துக்கு அணியம், அடிமரத்துக்கு ஏரா, உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் கட்டைகளுக்கு வங்கு.

இந்த இடத்தில் நான் இரண்டு கப்பல்களைப் பற்றிச் சொல்வேன். ஒன்று வல்வெட்டித்துறையில் எங்கள் ஆட்கள் கட்டிய அன்னபூரணி. 1938இல் அந்தப் பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. மற்றது பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி 1817இல் நீரில் இறக்கிய பிரித்தானியக் கப்பல். அதற்கு வைத்த பெயர் திருகோணமலை. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு கப்பல் இருநூறு வருடம் தாண்டி நிற்கிறது என்று கேட்டதும், பிள்ளைகள் பென்சிலைப் பிடிக்கிற விதமே மாறும்.

மேல் தளம்

மேலே சீருடை, ஆயுதம் போன்றவை. வரைவதற்கு வடிவம் நிறைய உண்டு. ஆனால் எங்கள் குழுவில் சிலர் அவற்றின் முன்னால் நிற்க விரும்புவதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், வற்புறுத்தாதீர்கள். கீழே வேண்டிய அளவு வேலை இருக்கிறது.

தேத்தண்ணி, அப்புறம் கடைசி அரை மணித்தியாலம்

பதினொன்றரை அளவில் எல்லோரும் வெளியே வந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். தின்பண்டம் எதையும் உள்ளே கொண்டுபோக வேண்டாம். வடை சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்த பிறகே கொப்பி. எண்ணெய் பட்ட தாளில் பென்சில் பிடிக்காது.

திரும்பி வந்து கடைசி அரை மணித்தியாலத்தில் அதே பொருளை மறுபக்கம் போய் நின்று, ஐந்து நிமிடத்தில் ஒருமுறை வரையுங்கள். காலையில் அரை மணித்தியாலம் பார்த்த கண் இப்போது ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடும். பலருடைய நல்ல படம் இந்த இரண்டாவது படம்தான்.

பிறகு கொப்பிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், இடைஞ்சல் இல்லாத ஓர் ஓரத்தில். யாருடையது நல்லது என்ற பேச்சு வேண்டாம். நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்கிற கேள்வி இரண்டுதான்: “எந்த இடத்தில் கஷ்டப்பட்டீர்கள்?” “இதுக்கு என்ன பேர் எழுதினீர்கள்?” பெரியவர் ஒவ்வொரு கொப்பியாகப் பார்த்து எழுத்தைத் திருத்துவார். பொறுப்பாளரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். தினமும் அந்தப் பொருள்களோடு இருப்பவர்கள் அவர்கள்தான், காட்டினால் சந்தோஷப்படுவார்கள்.

வீட்டுக்குப் போனதும்

கொப்பியை மூடி வைக்க வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். விசிறிக்குக் கீழே திறந்து வைத்து, பக்கங்களுக்கு நடுவில் சாதாரணக் கடதாசி செருகுங்கள். அச்சுப் பத்திரிகையின் மை ஒட்டும், அது வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு பாரமான புத்தகத்துக்குக் கீழே ஓர் இரவு வைத்தால் நெளிவு போய்விடும்.

எழுதிய பெயர்களை ஒருவர் ஒரு தனிக் கொப்பியில் ஒன்று சேர்க்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு பொருள், படம் நடுவில், பெயர்கள் சுற்றி, சொன்னவர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்ற குறிப்போடு. எங்கள் கொப்பியில் இப்போது இருபத்தொன்பது பக்கம் நிரம்பியிருக்கிறது. கயிறுகளின் பக்கம் மட்டும் பாதி வெறுமையாகக் கிடக்கிறது. தை மாதம் கடல் கொஞ்சம் அடங்கியதும், அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மூதூருக்குப் போவதாக இருக்கிறோம். அங்கே பாய் வள்ளம் ஓட்டின இன்னொரு தாத்தா இருக்கிறாராம்.